வடியான் எடுத்த மூச்சுகள்

ஐப்பசி மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த ஒரு புதன்கிழமை காலையில், மிக்சிங் என்ஜினியர் ஏசுவடியான் தன் வாழ்நாளில் பாட்டுகளிலிருந்து எடுத்துப் போட்ட மூச்சுகளெல்லாம், சாலிகிராமத்தில் அவர் குடியிருந்த தெருவைத் தேடிக்கொண்டு வந்து சேர்ந்தன. மூச்சுகள் மட்டுமில்லை, பல்லவி முடிந்து சரணம் தொடங்கும் முன் பாடகிகள் விழுங்கிய எச்சில், வயலின்காரர்கள் தாள் புரட்டிய சரசரப்பு, ஒரு தபலாக்காரரின் முழங்கால் சொடுக்கு, கோரஸ் பெண்களின் வளையல், யாரோ அடக்கப் பார்த்து முடியாமல் போன தும்மல், எல்லாமும்தான் வந்தன; ஆனால் கூட்டத்தில் மூச்சே அதிகம் என்பதால் தெருக்காரர்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து மூச்சு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். முதலில் கேட்டது இஸ்திரி வண்டி எல்லம்மா. பெட்டிக்குக் கரி போட்டு விசிறிக்கொண்டிருந்தவள், தன் காதுக்குப் பக்கத்தில் ஒரு பெண் மூச்சை ஆழ இழுத்துப் பாடத் தொடங்காமலே நிறுத்தியதைக் கேட்டு, "யாரும்மா அது, துணி குடுக்கணுமா?" என்று திரும்பிப் பார்த்தாள். யாருமில்லை. அவசரமில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மறுபடி விசிறினாள்.

ஏசுவடியான் நாகர்கோவில் பக்கத்து ஆள். சர்ச் திருவிழாக்களுக்கு மைக் செட் கட்டுகிறவரின் மகன். பாலிடெக்னிக் முடித்த கையோடு சென்னைக்கு வந்து, வடபழனியில் ஒரு ஸ்டூடியோவில் கேபிள் சுருட்டும் வேலையில் சேர்ந்து, ஒலிநாடாவைப் பிளேடால் வெட்டி ஒட்டக் கற்றுக்கொண்டு, கம்ப்யூட்டர் வந்தபோது பயந்து ஒதுங்கிய மூத்தவர்களின் நாற்காலியில் உட்கார்ந்து, பிறகு அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. தனித்தனியாகப் பதிவு செய்த குரலையும் வாத்தியங்களையும் ஒன்றோடொன்று இடிக்காமல், எது முன்னால் நிற்க வேண்டும் எது பின்னால் நிற்க வேண்டும் என்று பார்த்து அடுக்கி ஒரே பாட்டாக ஆக்கித் தருவது அவர் தொழில். அதில் அவரைவிடச் சுத்தமாகச் செய்ய ஆளில்லை. வடியான் கை பட்டால் பாட்டு குளித்துத் தலை சீவிக்கொண்டு வந்த மாதிரி இருக்கும் என்று இசையமைப்பாளர்கள் சொன்னார்கள். பெயரிலேயே வடிகட்டியை வைத்துக்கொண்டு பிறந்த மனுஷன் என்று சிரித்தார்கள். ஹைதராபாத்திலிருந்தும் கொச்சியிலிருந்தும் ஆட்கள் வந்து அவருக்காகக் காத்திருந்தார்கள். வரவேற்பறை அலமாரியில் விருதுகள் நின்றன. அவற்றைத் துடைப்பது அவர் மனைவி விஜிலாவின் ஞாயிற்றுக்கிழமை வேலைகளில் ஒன்றாக இருந்தது.

இத்தனை காலம் பிறர் குரலில் வேண்டாததை எடுத்து எடுத்து, அவருக்குள்ளும் ஏதோ எடுபட்டுப் போயிருந்தது. எப்போது என்று அவருக்குத் தெரியாது. அப்பா இறந்து ஊருக்குப் போயிருந்தபோது, அக்கா பெட்டியின் மேல் விழுந்து கதறிய கதறலில் 'ச' வரும் இடமெல்லாம் காதைக் குத்துகிறது, அதை மட்டும் கொஞ்சம் குறைத்தால் நன்றாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் போன் செய்து, எடுத்தது அப்பா என்று தெரிந்ததும், "அம்மாகிட்ட குடுங்க" என்பான். அவர் கொடுத்துவிடுவார். அதில் அவனுக்கும் வருத்தமில்லை, அவருக்கும் வருத்தமில்லை. விஜிலா மட்டும் அந்தப் போனை வாங்கும்போது ஒரு நொடி அவர் முகத்தைப் பார்ப்பாள்.

மூச்சுகள் வந்த புதன்கிழமை அவர் வழக்கம்போலக் காரை எடுக்கக் கீழே இறங்கியபோது, குடியிருப்போர் சங்கச் செயலாளர் பத்மநாபன் கேட்டருகே நின்றிருந்தார். டெலிபோன்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சத்தத்தின் விஷயத்தில் தனக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு என்று நினைப்பவர்.

"சார், இதெல்லாம் உங்களோடதா?"

ஏசுவடியான் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். ஒவ்வொன்றும் யாருடையது என்று அவருக்குத் தெரிந்தது. இது இன்னார், இந்தப் பாட்டு, இரண்டாவது சரணத்துக்கு முன்னால்.

"ஆமா" என்றார்.

"சரி. கேட்டுக்கு நேரா நிக்க வேணாம்னு மட்டும் சொல்லிடுங்க. கார் எடுக்கறப்ப யார் மேலயோ ஏத்தற மாதிரி சங்கடமா இருக்கு."

அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம் போட்டார்கள். தண்ணீர் செலவாகுமா என்று மூன்றாம் மாடிக்காரர் கேட்டார். ஆகாது. வண்டி நிறுத்தும் இடத்தை அடைக்குமா? அடைக்காது. குப்பை போடுமா? போடாது. அப்படியானால் இருந்துவிட்டுப் போகட்டும், ஆனால் வற்றல் காயும் நாளில் மொட்டைமாடிக்கு வரக் கூடாது என்று முடிவு செய்து, வடை சாப்பிட்டுக் கலைந்தார்கள். எதற்காக வந்தன, எப்படி வந்தன என்று யாரும் கேட்கவில்லை. அந்தத் தெருவில் துணை நடிகர்களும் டப்பிங் பேசுகிறவர்களும் ஊரிலிருந்து பெட்டியோடு ஓடி வந்தவர்களும் எதற்காக வந்தோம் என்று மறந்தே குடியிருந்தார்கள். மூச்சுகளிடம் மட்டும் அதைக் கேட்பது அவர்களுக்கு மரியாதையாகப் படவில்லை.

கொஞ்ச நாளில் பழகிவிட்டது. எல்லம்மா தன் வண்டியருகே நின்ற பெண் மூச்சுக்கு ஏற்ப இஸ்திரிப் பெட்டியை இழுக்கப் பழகி, சட்டைகள் முன்னைவிட மடிப்பில்லாமல் வருகின்றன என்று பெயர் வாங்கினாள். முதல் மாடி வீட்டின் இரண்டு மாதக் குழந்தை, கோரஸ் பெண்கள் ஒரே நேரத்தில் மூச்சு வாங்கும் இடத்தில் தொட்டிலைப் போட்டால் அழாமல் தூங்கியது. நாய்கள் முதலில் குரைத்தன, பிறகு வெயிலுக்கு ஒதுங்குவதுபோல மூச்சுகள் அடர்ந்திருந்த மூலையில் போய்ப் படுத்துக்கொண்டன. மழை வந்தால் தெருக்காரர்கள் மாடிப்படிக் கதவைத் திறந்து வைத்தார்கள். ஏசுவடியான் காலையில் ஸ்டூடியோவுக்குப் போய் அன்றைய பாடகர்களின் மூச்சை எடுத்துப் போட்டார். மாலையில் அவர் வீடு திரும்பும் முன்பே அவையும் வந்து தெருவில் நின்றன.

பிறகு செய்தி பரவி, சொந்தக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். தஞ்சாவூரிலிருந்து ஒருவர் வந்து, செத்துப்போன தன் அப்பாவின் தொண்டைக் கனைப்பை மாமரத்தடியில் கண்டுபிடித்து, அங்கேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். ஒரு காலத்தில் கோரஸ் பாடி, கல்யாணமாகி, இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்ட அம்மாள் ஒருத்தி வந்து, "இது நான்தான், இது என் சின்ன வயசு மூச்சு, பாருங்க எவ்வளவு நீளமா இழுக்கறேன்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். யார் யாருடையது என்று தெரிந்துவிட்டால் அந்த மூச்சு அவர்களோடு கிளம்பிப் போய்விடும். பின்னாலேயே நடந்து, ஷேர் ஆட்டோவில் ஏறி, கோயம்பேடு போய், பஸ் பிடித்து ஊருக்குப் போகும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுப்பார்கள் என்று சொன்னார்கள். இப்படிப் போய்ப் போய்த் தெரு மெலிந்தது. ஏசுவடியான் அவர்கள் அழுவதையும் சிரிப்பதையும் பால்கனியிலிருந்து பார்த்தார். நல்லதுதான் என்று நினைத்தார். நல்லது என்பது ஒரு வார்த்தையாக அவருக்குள் வந்து, வார்த்தையாகவே போனது.

ஒரு மூச்சு மட்டும் தெருவில் நிற்கவில்லை. அது வந்த அன்றே மாடியேறி, அவர்கள் வீட்டுப் பால்கனியில் துணிக்கொடிக்குப் பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டது. உள்ளே போகும்போது கிறீச்சென்று, வெளியே வரும்போது விசில் மாதிரி நீண்டு, நடுவில் இருமல் கோத்துக்கொண்டு வரும் மூச்சு.

"ஏங்க, பால்கனியில யாருக்கோ இளைக்குது" என்றாள் விஜிலா.

"காளி" என்றார் ஏசுவடியான்.

காளி என்பது சினிமா வைத்த பெயர். உச்சிமாகாளி என்ற அந்தப் பையன் சங்கரன்கோவிலிலிருந்து வந்தவன். குரலில் ஒரு வெல்லக் கரகரப்பு இருந்தது. ஒரே படத்தில் அவன் பாடிய எல்லாப் பாட்டும் பஸ்ஸிலும் கல்யாண மண்டபத்திலும் டீக்கடையிலும் ஒலித்துக்கொண்டிருந்த நாட்களில், வளசரவாக்கத்தில் ஒரு வாடகை அறையில், இளைப்பு முற்றி, உறிஞ்சுகிற மருந்து தீர்ந்துபோய், பக்கத்தில் யாருமில்லாமல் செத்துப்போனான். பாட்டுகள் அதற்குப் பிறகும் நெடுநாள் ஓடின. இளைப்புக்காரன் பாடியது என்று அந்தப் பாட்டுகளைக் கேட்டு ஒருவராலும் சொல்ல முடியாது. அவ்வளவு சுத்தமாக இருக்கும்.

அவனுடைய அம்மா செண்பகவடிவு கார்த்திகை பிறந்த பிறகு வந்தாள். பக்கத்து வீட்டுப் பையன் போனில் பார்த்துச் சொல்லியிருக்கிறான். கையில் ஒரு ஒயர்கூடை. தெருவில் மிச்சமிருந்த மூச்சுகள் எதையும் அவள் நின்று கேட்கவில்லை. நேராக நடந்து வந்து, அவர்கள் பால்கனிக்குக் கீழே நின்று, தலையை நிமிர்த்தி, "ஏலே மாகாளி" என்றாள். மேலே இளைப்பு ஒரு கணம் நின்று, மறுபடி தொடர்ந்தது. அவள் படியேறினாள்.

விஜிலா நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தாள். செண்பகவடிவு தண்ணீரைக் கையிலேயே வைத்துக்கொண்டு பால்கனி வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கழித்துத்தான் ஏசுவடியானைப் பார்த்தாள்.

"நீங்கதான் பாட்டைச் சுத்தம் பண்ணுதவரா?"

"ஆமாம்மா."

"எம்மவன் பாடையில இந்த இளைப்பு உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுது."

"எப்பவும்போலக் கேட்டுச்சா, இல்ல கூடுதலா?"

ஏசுவடியான் யோசித்தார். மறந்திருக்கவில்லை; ஒவ்வொரு பாட்டாக அவருக்கு நினைவிருந்தது. "முதல் பாட்டுல கொஞ்சமா இருந்தது. போகப் போகக் கூடிச்சு. கடைசிப் பாட்டுல ரெண்டு வரிக்கு நடுவுல எல்லாம் இருந்தது."

"கேட்டுட்டு என்ன செஞ்சிய?"

"எடுத்தேன்."

செண்பகவடிவு தலையாட்டினாள். கோபமாக ஆட்டவில்லை. கடைக்காரர் சொன்ன விலையைக் கேட்டு ஆட்டுவதுபோல ஆட்டினாள். "நல்லா எடுத்துட்டிய" என்றாள். "எங்க ஊர்ல அந்தப் பாட்டைப் போடாத வண்டி கிடையாது. எல்லாரும் எங்கிட்ட வந்து, ஒம்மவன் குரலைக் கேட்டேன், ஒம்மவன் குரலைக் கேட்டேன்னு சொல்லுதாவ. நானும் கேட்டுப் பார்த்தேன். யாரோ மாதிரி இருந்தான். பாட்டு ஊருக்கு உள்ளதுய்யா. இந்த இளைப்புதான் எனக்கு உள்ளது. இதோடதான நான் அவனை வளர்த்தேன்."

விஜிலா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். ஏசுவடியான் அங்கேயே உட்கார்ந்திருந்தார். இந்த இடத்தில் ஏதாவது தோன்ற வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. உள்ளே தேடிப் பார்த்தார். ஆள் காலி செய்துபோன வீட்டில் சுவிட்சைப் போட்டுப் பார்ப்பதுபோல இருந்தது.

சாயங்காலம் அவள் கிளம்பினாள். "வா மாகாளி, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கி, பாதியில் நின்று காத்திருந்தாள். இளைப்பு பின்னால் வரவில்லை. திரும்ப மேலே வந்து, "வாரியாலே" என்று கேட்டாள். அது துணிக்கொடியருகே நின்று இளைத்துக்கொண்டிருந்தது. பத்மநாபன் கூட வந்து சொல்லிப் பார்த்தார். "மத்ததெல்லாம் சொந்தக்காரங்க வந்ததும் மறுபேச்சில்லாம போயிடுச்சும்மா. இது ஏன்னு தெரியல. சார் ஸ்டூடியோ போனா கூடவே கார்ல போகுது. சார் வந்தா வருது. வேற யாரையும் கண்டுக்கறதில்ல."

"என்ன ஏன்னு தெரியல" என்றாள் விஜிலா, கணவரைக் காட்டி. "இவங்கதான அவன்கூட இருந்தாங்க. வாரக்கணக்கா உக்காந்து ஒவ்வொரு மூச்சா கேட்டுக் கேட்டு எடுத்தாங்க. செத்த பையனோட மூச்சு மொத்தமும் கேட்ட ஒரே ஆளு இவங்கதான்."

அன்று செண்பகவடிவு போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. விஜிலா அவளுக்கு உள்ளறையில் பாய் விரித்தாள். காலையில் ஏசுவடியான் கிளம்பும்போது இளைப்பு அவர் பின்னால் படியிறங்கிக் காரில் ஏறுவதை அவள் பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். மாலைவரை அங்கேயே உட்கார்ந்து எல்லம்மாவோடு மேலும் கீழுமாகப் பேசிக்கொண்டிருப்பாள். கார் சத்தம் கேட்டதும் எழுந்து கதவைத் திறப்பாள். ஒருநாள் சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டாள்.

"ஒருக்க எங்க ஊருக்கு வாரியளா யய்யா? நீங்க வந்தா அவனும் வருவான்லா."

இசையமைப்பாளர் ரூபனின் பெரிய படம் ஒன்று அப்போது அவர் கையில் இருந்தது. பொங்கலுக்கு வெளியீடு. "வேலை இருக்கும்மா. முடியட்டும், பார்க்கலாம்" என்றார்.

"சரிய்யா" என்றாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

மறுநாள் காலை அவர் குளித்துவிட்டு வந்தபோது, அவருடைய துணிகள் அடங்கிய பை வாசலில் இருந்தது. விஜிலா கதவில் சாய்ந்துகொண்டு நின்றாள்.

"உங்க அப்பா செத்தப்ப நான் ஒண்ணும் கேக்கல. பய போன் பண்ணி அம்மாகிட்ட குடுங்கன்னு சொல்லும்போதெல்லாம் நான் ஒண்ணும் கேக்கல. இப்பக் கேக்கேன். போயிட்டு வாங்க."

போக வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. போகக் கூடாது என்றும் தோன்றவில்லை. ரூபனுக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டு அன்று மாலை ரயிலில் ஏறினார். எதிர் சீட்டில் செண்பகவடிவு ஒயர்கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இளைப்பு ஜன்னலோரமாக இருந்தது. செங்கல்பட்டு தாண்டியதும் வந்த டிக்கெட் பரிசோதகர் இரண்டு டிக்கெட்டையும் பார்த்துவிட்டு, மூன்றாவதாக இளைத்த இடத்தைப் பார்த்தார்.

"இது?"

"எம்மவன்" என்றாள் செண்பகவடிவு.

அவர் குனிந்து கொஞ்ச நேரம் கேட்டார். "எங்க வீட்லயும் ஒருத்திக்கு உண்டு. ஜன்னலைச் சாத்துங்க, காத்து முகத்துல அடிக்குது. கீழ்ப் படுக்கையே குடுங்க, படுத்தா முட்டும், சாய்ஞ்சே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனார்.

சங்கரன்கோவிலில் அவர்கள் தெருவில் வீட்டுக்கு வீடு விசைத்தறி ஓடியது. அந்தச் சத்தத்தை இதற்கு முன் ஏசுவடியான் எங்கும் கேட்டதில்லை. தெரு முழுவதும் ஒரே தாளத்தில் பல் கடிப்பதுபோல இருந்தது. பஞ்சுத்தூசி வெயிலில் மிதந்தது. அவர்கள் வீட்டு வாசலை அடைவதற்குள்ளேயே ஒவ்வொரு தறியாக நின்றது. பெண்கள் வெளியே வந்தார்கள்.

"மாகாளி வந்துட்டானா அக்கா?"

"வந்துட்டான்."

"மெலிஞ்சிட்டான் போலருக்கே. மூச்சுலயே தெரியுதே."

"பட்டணத்துச் சாப்பாடு" என்றாள் செண்பகவடிவு.

அவள் கையைக் கழுவிவிட்டு வேலையைத் தொடங்கினாள். சுவரோரம் தலையணைகளை அடுக்கிச் சாய்மானம் வைத்தாள். தேங்காயெண்ணெயைச் சுடவைத்துக் கற்பூரத்தைப் பொடித்துப் போட்டுக் கலக்கினாள். இளைப்பு அந்தச் சாய்மானத்தில் போய் உட்கார்ந்தது. அவள் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துச் சூடேற்றி, வெறும் காற்றில், ஒரு முதுகு எவ்வளவு அகலம் இருக்குமோ அவ்வளவு அகலத்துக்குக் கையை மேலிருந்து கீழாக இழுத்தாள். இழுத்துக்கொண்டே இருந்தாள். வாசலில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். கிறீச்சென்ற சத்தம் சன்னமாகி, விசில் தேய்ந்து, கடைசியில் தூங்குகிற ஆளின் சாதாரண மூச்சாக ஆனது. பிறகுதான் தறிகளைப் போட்டார்கள். அவன் அந்தச் சத்தத்திலேயே தூங்கிப் பழகியவன் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஏசுவடியான் அங்கே சில நாள் இருந்தார். செண்பகவடிவு அவருக்குச் சோறு போட்டாள். தெருக்காரர்கள் அவரை 'மாகாளிகூட வந்தவர்' என்று சொன்னார்கள். விருதுகள் பற்றி அங்கே யாருக்கும் தெரியாது. ரூபனிடமிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. கடைசியில் ஒரு காலை அவர் பையை எடுத்துக்கொண்டார்.

"நீ இங்கனயே இருலே" என்று செண்பகவடிவு சாய்மானத்தைப் பார்த்துச் சொன்னாள்.

அவர் தெருமுனைவரை நடந்தார். பின்னாலேயே இளைப்பு வந்தது. நின்றார், அதுவும் நின்றது. திரும்பி வீட்டுக்கு வந்தார், அதுவும் வந்தது. மறுபடி கிளம்பினார். மறுபடி வந்தது. வாசல்படியில் நின்று செண்பகவடிவு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மூன்றாம் முறை திரும்பி வந்து அவள் முன்னால் நின்றார்.

"நான் வேணும்னா இங்கயே இருந்துடட்டுமாம்மா?"

சென்னையில் இத்தனை பேர் அவருக்காகக் காத்திருக்க, இதை அவர் எளிதாகச் சொன்னார். எங்கே இருந்தாலும் அவருக்கு ஒன்றாகத்தான் இருந்தது.

செண்பகவடிவு உள்ளே போய் அந்த எண்ணெயை ஒரு கண்ணாடிப் புட்டியில் ஊற்றி, மூடியைத் துணி வைத்து இறுக்கிக் கொண்டுவந்தாள்.

"வேண்டாம்யா. அவனுக்கு இந்த ஊர் ஆகாது. இந்தத் தூசி ஆகாது. மீசை முளைக்குமுன்ன ஓடிப்போனவன். செத்தும் இங்க வரல, பாருங்க. உங்க ரூமுலதான் அவனை எல்லாரும் நல்லாப் பாடுதேன்னு சொல்லியிருக்காவ. அங்கனயே இருக்கட்டும். கையை நீட்டுங்க."

அவர் நீட்டினார். அவள் அவர் உள்ளங்கையில் எண்ணெய் ஊற்றித் தேய்க்கச் சொன்னாள். பிறகு அவர் மணிக்கட்டைப் பிடித்துக் காற்றில் வைத்து இழுத்துக் காட்டினாள்.

"அழுத்தக் கூடாது. மேலருந்து கீழ. கீழருந்து மேல போனா இருமுவான். கை சூடு ஆறுறதுக்குள்ள அடுத்த சொட்டு. ஏசிக்கு நேரா உக்கார வைக்காதிய. குளிர்காலம் உங்க ஊர்ல லேசுதான், ஆனாலும் பார்த்துக்கிடுங்க."

"சரிம்மா."

அவள் மணிக்கட்டை விடவில்லை.

"இனிமே கேட்டா சும்மா இருக்காதிய, என்ன?"

"சரிம்மா" என்றார் ஏசுவடியான்.

அவள் தெருமுனைவரை வரவில்லை. வாசலிலேயே நின்றுகொண்டாள். அவர் தெருமுனையில் நின்று திரும்பிப் பார்த்தபோது, தறிகள் ஓடிக்கொண்டிருந்தன, அவள் எண்ணெய்க் கையைத் தன் தலையில் தடவிக்கொண்டிருந்தாள்.

ரூபனின் படம் பொங்கலுக்கு வந்தது. பாட்டுகள் நன்றாகப் போயின. ஏசுவடியான் முன்போலவே மூச்சுகளை எடுத்தார், அதுதான் அவர் வேலை. எடுத்தவை முன்போலவே தெருவுக்கு வந்தன, விஜிலா மாடிப்படிக் கதவைத் திறந்து வைத்தாள், ஆட்கள் வந்து அழைத்துப் போனார்கள். இன்னொரு விருது கிடைத்தது. தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் செண்பகவடிவு போன் செய்தாள். "எப்படி இருக்கான்?" என்பாள். "நல்லா இருக்கான்" என்று சொல்லிவிட்டு முதலில் போனை வைக்கப் பார்த்தார். அவள் விடவில்லை. காலையில் எப்படி, மத்தியானம் எப்படி, இருமினானா, எத்தனை தலையணை வைத்தீர்கள் என்று கேட்டாள். அவர் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகப் பகலெல்லாம் கவனிக்க வேண்டியிருந்தது. ஸ்டூடியோவில் அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் தலையணை வைத்த இன்னொரு நாற்காலி இருந்தது. புதிதாக வருகிறவர்கள் அதில் உட்காரப் போனால் பழையவர்கள் கையைப் பிடித்து இழுத்தார்கள். விஜிலா ஒருநாள், "நீங்க போன்ல இவ்வளவு பேசி நான் பார்த்ததே இல்ல" என்றாள். அவர் அப்படியா என்று கேட்டுவிட்டு, எண்ணெய்ப் புட்டியை வெயிலில் வைக்கப் போனார்.

அடுத்த மார்கழியில் ரூபனின் இன்னொரு படத்தின் கடைசிப் பாட்டு மிக்சிங்கில் இருந்தது. மத்தியானம். டைரக்டரும் தயாரிப்பாளரும் பின்னால் சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே மழைக்குளிர், உள்ளே ஏசி. பாட்டு இரண்டாவது சரணத்தில் போய்க்கொண்டிருந்தபோது, பக்கத்து நாற்காலியில் இளைப்பு ஏறத் தொடங்கியது. முதலில் அவர் ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறைத்துக் கேட்டார். உள்ளே போகிற மூச்சு கிறீச்சிட்டது, வெளியே வருகிற மூச்சு பாதியில் நின்றது.

"சார், ஒரு மாதிரி சத்தம் வருது பாருங்க" என்றார் டைரக்டர். "பாட்டுல இருக்கா, வெளியவா? எடுத்துடுங்க சார்."

ஏசுவடியான் பாட்டை நிறுத்தினார். எழுந்து ஏசியை அணைத்தார். டீ போடுகிற அடுப்பில் எண்ணெயைச் சூடு பண்ணினார். உள்ளங்கையில் தேய்த்துக் காற்றில் மேலிருந்து கீழாக இழுத்தார். தயாரிப்பாளர் ரூபனைப் பார்த்தார். ரூபன் உதட்டில் விரலை வைத்தார். அடுத்த சொட்டு. அடுத்த சொட்டு. இளைப்பு அடங்கவில்லை. நாற்காலியைச் சாய்த்துப் பார்த்தார், இன்னொரு தலையணை வைத்தார், கதவைத் திறந்தார், சாத்தினார். மூச்சு இழுத்துக்கொண்டே இருந்தது, அறை முழுவதும் அதுதான் கேட்டது, ஒவ்வொன்றும் இதோடு முடிந்தது என்பதுபோல வந்தது. இத்தனை நாளில் ஒருமுறைகூட அவராகச் செண்பகவடிவைக் கூப்பிட்டதில்லை. எண்ணெய் விரல்களில் போன் வழுக்கியது.

"யாரு, என்னய்யா, இந்நேரம் கூப்பிட மாட்டியளே?"

"அம்மா, அவனுக்கு நிக்கவே மாட்டேங்குது. ரொம்ப இழுக்குது. எண்ணெ தேச்சேன், நீங்க சொன்ன மாதிரிதான் தேச்சேன். சாய்ச்சு வச்சேன். ஏசியை அணைச்சுட்டேன். நிக்கல. நான் என்ன செய்ய, சொல்லுங்க, என்ன செய்ய?"

"போனை அவன்கிட்டக் கொண்டு போங்க."

அவர் நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டுப் போனைத் தலையணையருகே பிடித்தார். அந்தப் பக்கம் தறிச் சத்தம் கேட்டது. பிறகு யாரோ கதவைச் சாத்தினார்கள்போல, அதுவும் நின்றது. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். இங்கே யாரும் அசையவில்லை.

"யய்யா."

"சொல்லுங்கம்மா."

"அவனுக்கு அடங்கிட்டு. நல்லா மூச்சு விடுதான். இப்ப எனக்குக் கேக்குத இளைப்பு உங்களுது."

ஏசுவடியான் தன் மூச்சைக் கேட்டார். அவருடைய நெஞ்சு ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"பயந்துட்டியளா?" என்றாள் செண்பகவடிவு.

"ஆமா" என்றார் அவர். "பயந்துட்டேன்."